பழைய ஸ்டீல் ஸ்கூபா டேங்கின் உள்ளே துரு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

என்னிடம் இருக்கும் இரண்டு ஸ்டீல் டேங்குகளும் மாமா கொடுத்தவை. கப்பல்களின் அடிப்பாகத்தை நீருக்குள் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவர் அவர். டேங்கின் தோளில் "ஐசிசி-3ஏஏ2250" என்று குத்தியிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் "8-66". ஐசிசி என்பது அப்போது இந்த டேங்குகளுக்கு விதி வகுத்த அமெரிக்க அமைப்பு. 1966 ஆகஸ்டில் முதல் அழுத்தச் சோதனையை முடித்து வெளியே வந்த உலோகம். சிங்கப்பூர் தனி நாடாகி ஒரு வருடம் நிறைந்த மாதம் அது. இன்றும் அந்த டேங்கை முதுகில் கட்டிக்கொண்டுதான் புலாவ் ஹந்து தீவுக் கடலில் இறங்குகிறேன்.

உள்ளே வறண்ட காற்று மட்டும் இருந்தால் இந்த டேங்குகள் நம் ஆயுளையும் தாண்டி உழைக்கும். தண்ணீர் போனால்தான் கெடும். போன வருடம் ஒன்றின் உள்ளே துருவைப் பார்த்ததும் கழுவித் தேய்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மாமா தடுத்தார்.

"தேய்க்கிறது அப்புறம் இருக்கட்டும் தம்பி. தண்ணி எந்த வழியா உள்ள போச்சு, அதக் கண்டுபிடி. வழிய அடைக்காம எத்தன தரம் தேய்ச்சாலும் திரும்ப வரும். தேய்க்கத் தேய்க்க இரும்புதான் குறையும்."

அவர் சொன்னது கணக்காகவும் சரிதான். இந்த டேங்கின் சுவர் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர்தான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் தண்ணீர் வந்த வழி, அப்புறம் துரு என்ற வரிசையில் எழுதுகிறேன்.

கை வைக்கும் முன்

முத்திரையைப் படியுங்கள். 3ஏஏ என்பது குரோம்-மாலிப்டினம் ஸ்டீல். வெறும் 3ஏ என்றால் அதற்கு முந்தைய வகை கார்பன் ஸ்டீல். 2250 என்பது வேலை அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில். நம் மானியில் 155 பார். கடைசிச் சோதனைத் தேதிக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் மட்டும் பத்து சதவீதம் கூடுதலாக, 170 பார் வரை அடிக்கலாம். இன்று எல்லாரும் வைத்திருக்கும் அலுமினிய டேங்குகள் 200 பாருக்கு மேல் தாங்குபவை. அதே பழக்கத்தில் இதையும் 200க்கு அடித்துவிடுவார்கள். காற்று அடிக்கக் கொடுக்கும்போது டேங்கில் பெரிதாக "155" என்று டேப் ஒட்டிக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

வால்வைக் கழற்றுவதற்கு முன் டேங்க் காலியா என்பதை இரண்டு விதமாக உறுதி செய்ய வேண்டும். வால்வைத் திறந்தால் காற்று வரவில்லை என்பது மட்டும் போதாது. துரு நிறைந்த டேங்கில் வால்வின் அடியில் இருக்கும் சிறு குழாய் அடைத்துக்கொள்ளலாம். வெளியே சத்தமே இல்லாமல் உள்ளே அழுத்தம் அப்படியே நிற்கும். எடை போட்டுப் பாருங்கள். இந்த அளவு டேங்கில், அதாவது ஏறக்குறைய 12 லிட்டர் கொள்ளளவில், 155 பார் காற்று இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. காலி டேங்கின் எடையை எப்போதாவது குறித்து வைத்திருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். குறித்து வைக்கவில்லை, வால்வும் அடைத்திருக்கிறது என்ற சந்தேகம் என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், சோதனைக்கூடத்துக்குக் கொண்டு போங்கள். முதல் பிடி தளர்ந்த பிறகு வால்வு கையாலேயே சுழல வேண்டும். இறுக்கமாகவே வந்தாலோ, மெல்லிய சீறல் கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

ரெகுலேட்டர் வடிகட்டியில் பழுப்பு நிறம்

பெரும்பாலானவர்களுக்கு முதல் சேதி இங்கிருந்துதான் வரும். ரெகுலேட்டர் என்பது டேங்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. அதன் முதல் நிலையில், டேங்கோடு சேரும் வாயில், பத்து காசு நாணயத்தைவிடச் சிறிய ஒரு உலோக வடிகட்டி இருக்கும். வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை படர்ந்திருந்தால் கடல் நீர் ரெகுலேட்டருக்குள்ளேயே போயிருக்கிறது, பித்தளை அரிக்கிறது. சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் என்றால் ஏதோ ஒரு அலுமினிய டேங்கின் வேலை. கறுப்பு என்றால் கம்ப்ரசர் வடிகட்டியின் கரித்தூள். செம்பழுப்பு என்றால் ஸ்டீல் டேங்கின் துரு.

உங்கள் டேங்குதானா என்று தெரிந்துகொள்ள ஒரு வெள்ளைக் கைக்குட்டை போதும். டேங்கில் காற்று இருக்கும்போது அதை நிமிர்த்தி வைத்து, வால்வு வாய்க்கு ஒரு சாண் தள்ளித் துணியை விரித்துப் பிடித்து, ஒரு விநாடி லேசாகத் திறந்து மூடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அடுத்து டேங்கைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்து, மறுபடி அதே போல். நிமிர்ந்திருக்கும்போது சுத்தமாகவும் தலைகீழாகப் பழுப்பாகவும் வந்தால் உள்ளே உதிர் துரு இருக்கிறது. வால்வின் அடிக்குழாய் இருப்பதே தலைகீழாகும்போது இந்தக் குப்பை வால்வுக்குள் விழாமல் தடுக்கத்தான். அதையும் மீறித் துணியில் பழுப்பு விழுகிறது என்றால் குழாய் உடைந்திருக்கும், அல்லது குழாயின் உயரத்தையே மூடும் அளவுக்குத் துரு சேர்ந்திருக்கும். மிகப் பழைய வால்வுகள் சிலவற்றில் அந்தக் குழாயே கிடையாது.

தலை கீழே இருக்கும்படி நீந்தும்போது மட்டும் மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்பதும் இதே கோளாறுதான். அந்த டேங்கோடு அடுத்த முறை இறங்க வேண்டாம். 20 மீட்டர் ஆழத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் மேலே வருவதற்கான காற்று டேங்கில் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது.

திறந்தால் பனிபோல் வருகிறது, துளி தெறிக்கிறது

டேங்கை ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே நிலையில் மெதுவாகத் திறந்து உள்ளங்கையைக் காட்டுங்கள். கையில் ஈரம் பட்டாலோ, வெண்மையாகப் புகை போல் வந்தாலோ உள்ளே நீர் இருக்கிறது. துரு இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இதைவிட நல்ல நேரத்தில் நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. அன்றே காலி செய்து திறந்து உலர்த்துங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏன் இந்த அவசரம் என்றால், வெளிக்காற்றில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 0.21 பார். 155 பார் நிரப்பிய டேங்கில் அது 32 பாருக்கு மேல். அதாவது வெளியே கிடக்கும் ஈர இரும்பைவிட 150 மடங்குக்கும் கூடுதலான ஆக்சிஜன் உள்ளே அந்த நீரோடு காத்திருக்கிறது.

இப்போது நீர் வந்த வழி. கம்ப்ரசரிலிருந்து வந்தால் அது நன்னீர். கடலிலிருந்து வந்தால் உப்பு நீர். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் செய்வது இதுதான்: வால்வைக் கழற்றி, 200 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, டேங்கை உருட்டி ஆட்டிவிட்டு, சுத்தமான கண்ணாடிக் குவளையில் வடித்து, மீன் தொட்டிக் கடையில் விற்கும் டிடிஎஸ் பேனாவை (நீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) நனைத்துப் பார்ப்பது. காய்ச்சி வடித்த நீர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். துரு நீரில் கரையாது, அதனால் எண்ணைப் பெரிதாக ஏற்றாது. ஆனால் கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஒரு மில்லிலிட்டர் கடல் நீர் போயிருந்தாலே பேனா 170க்கு மேல் காட்டும். சோப்பு போட்டுக் கழுவுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், சோப்பும் எண்ணை ஏற்றிவிடும்.

என் டேங்கில் 140 காட்டியது. கலங்கிய செந்நீர், டீத்தண்ணீர் நிறம். கம்ப்ரசரைக் குறை சொல்லலாம் என்று இருந்த எனக்கு அந்த எண் பதில் சொல்லிவிட்டது, நீர் கடலிலிருந்து வந்தது. யோசித்துப் பார்த்தேன். மலேசியாவில் மெர்சிங் பக்கம் ஒரு பயணத்தில் படகிலேயே இரண்டு முறை காற்று அடித்தார்கள். கடலிலிருந்து ஏறிய டேங்கின் வால்வு வாயில் நீர் குழியாக நிற்கும், அரை மில்லிலிட்டர் இருக்கலாம். அதைத் துடைக்காமல் ஹோஸை மாட்டினால் முதல் காற்றோடு அத்தனையும் உள்ளே போகும். அன்று நான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இதை அடைக்கும் வழி எளிது. ஹோஸ் மாட்டும் முன் வால்வை ஒரு விநாடி திறந்து ஊதி, வாயைத் துணியால் துடைக்க வேண்டும். ஹோஸின் முனையையும் ஒரு முறை ஊதிவிட வேண்டும். டேங்கில் கொஞ்சமாவது காற்று மிச்சம் இருந்தால்தான் இந்த ஊதல் நடக்கும். ஆகவே 40, 50 பாருக்குக் கீழே இறக்காமல் மேலே வாருங்கள். ஆழத்தில் டேங்கைக் காலி செய்துவிட்டு ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் இருக்கும் ஊதும் பொத்தானை அழுத்தினால், வெளி நீரின் அழுத்தம் ரெகுலேட்டர் வழியாகவே நீரை டேங்குக்குள் தள்ளிவிடும். தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காற்று அடிக்கும் இடங்களில் வால்வு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

பேனா கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டி, ஆனால் உள்ளே ஈரம் இருந்தால் கம்ப்ரசரைத்தான் பார்க்க வேண்டும். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், நம் ஊர்க் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. இந்த டேங்கை ஒரு தரம் நிரப்ப ஏறக்குறைய 1.86 கன மீட்டர் காற்று வேண்டும். வடிகட்டாமல் அடித்தால் ஒரே நிரப்பலில் 45 கிராம், மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர். ஒழுங்காக உலர்த்திய காற்றில், கன மீட்டருக்கு 25 மில்லிகிராம் என்ற அளவில், அதே நிரப்பலுக்கு ஒரு துளி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நீர் பிரிப்பானும் வடிகட்டிக் குழலும்தான். 20 டிகிரிக் காற்று தாங்கும் நீரைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு 30 டிகிரிக் காற்று தாங்கும். குளிர் நாட்டுக் கணக்கில் அச்சிட்ட வடிகட்டி மணி நேரத்தை இங்கே அப்படியே நம்ப முடியாது. எங்கே காற்று அடிக்கிறீர்களோ அங்கே வடிகட்டி மாற்றிய தேதியைக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்.

ஆட்டினால் சத்தம்

காலி டேங்கைப் படுக்கவைத்து மெல்ல உருட்டிக் காதை வையுங்கள். மணல் சரிவது போல் கேட்டால் உதிர் துரு. சளக்கென்றால் நீர். கட்டையால் லேசாகத் தட்டினால் நல்ல ஸ்டீல் கோயில் மணி போல் நீண்டு ஒலிக்கும். அடியில் பிளாஸ்டிக் பூட் (உறை) மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் நல்ல டேங்கும் மொத்தென்றுதான் கேட்கும். கழற்றியதும் அடியில் வெளிப்பக்கத்தையும் பாருங்கள், பூட்டுக்குள் தேங்கும் உப்பு நீர் வெளியிலிருந்தும் தின்னும்.

காற்றில் இரும்பு வாடை, அல்லது நீண்ட நாள் கிடந்த டேங்க்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். துருப்பிடிப்பது என்றால் இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது. மூடிய டேங்கில் அந்த ஆக்சிஜன் வேறெங்கிருந்தும் வராது, நீங்கள் சுவாசிக்க வைத்திருக்கும் காற்றிலிருந்துதான் போகும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 12 லிட்டர் டேங்கில் 10 பார் காற்று மிச்சம் வைத்து மூலையில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆக்சிஜன் 25 லிட்டர், எடையில் 33 கிராம். 40 கிராம் இரும்பு துருவானால் அதில் பாதி காலி. உட்சுவர் முழுவதிலும் பரப்பிப் பார்த்தால் அந்த 40 கிராம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நிறைந்த டேங்கில் இதே துரு அங்கிருக்கும் ஆக்சிஜனில் சுமார் மூன்று சதவீதத்தைத்தான் எடுக்கும், ஆனால் குறை அழுத்தத்தில் கிடக்கும் டேங்கில் மூச்சு விடவே முடியாத காற்றாக்கிவிடும். மானி வழக்கம் போல் அழுத்தம் காட்டும், இரும்பு வாடைகூட இல்லாமல் போகலாம். ஆக்சிஜன் குறைந்த காற்று மூச்சுத் திணறலைத் தராது. திணறலைத் தருவது கரியமில வாயு, அது இங்கே கூடவில்லை. ஆள் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே மயங்கிவிடுவார், நீருக்குள்.

அதனால் மாதக்கணக்கில் கிடந்த டேங்கை "கொஞ்சம் காற்று இருக்கே, ரெகுலேட்டர் சோதிக்கலாம்" என்று வாயில் வைக்காதீர்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) அடிக்கும் கடைகளில் ஆக்சிஜன் அளக்கும் கருவி இருக்கும். ஒரு நிமிட வேலை. 20.9 காட்ட வேண்டும். கருவியை வெளிக்காற்றில் சரிபார்த்த பிறகும் 20க்குக் கீழே காட்டினால் முழுக் காற்றையும் வெளியேற்றி, டேங்கைத் திறந்து பாருங்கள். பழைய காற்றின் மேல் புதுக் காற்றை அடித்துச் சமாளிக்க வேண்டாம்.

உள்ளே விளக்கு விட்டால் தெரிவது

கழுத்து குறுகலானது, கட்டைவிரல்கூடச் சரியாக நுழையாது. ஒயரில் தொங்கும் சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றை சிம் லிம் டவரில் வாங்கினேன். போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவும் வைத்திருக்கிறேன், பல் மருத்துவர் கண்ணாடி தோள்ப்பகுதியைப் பார்க்க உதவும்.

திறக்கும் இடம் முக்கியம். சிங்கப்பூரில் பனிநிலை பெரும்பாலான நாளில் 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்த உலோகத்தின் மேலும் நம் காற்று நீராகப் படியும். ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த டேங்கை வெளியே தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து வால்வைக் கழற்றினால், பார்க்கத் திறந்ததே ஈரத்தை உள்ளே விட்டதாகிவிடும். வேகமாகக் காலி செய்த டேங்கும் இப்படித்தான், காற்று பீய்ச்சும்போது உலோகம் சில்லிட்டுப் போகும். மெதுவாகக் காலி செய்யுங்கள், மணிக்கணக்கில் விட்டு அறையின் சூட்டுக்கு வர விடுங்கள், அப்புறம் ஏசி ஓடும் அந்த அறையிலேயே திறவுங்கள்.

இப்போது பாருங்கள். துரு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எல்லாப் பக்கமும் சீராக, மஞ்சள்தூள் தூவியது போல் மெல்லிய ஆரஞ்சு நிறம், துணி சுற்றிய குச்சியால் தொட்டால் தூளாக வந்து அடியில் வழவழப்பான உலோகம் தெரிகிறது என்றால், அது அழுத்தச் சோதனைக்குப் பிறகு நீரை உடனே உலர்த்தாததால் வந்த பூச்சுத் துரு. ஆபத்தில்லை. உலர்ந்த காற்றால் ஊதிவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். இதற்காக உருட்டித் தேய்க்க வேண்டாம்.

கறுத்து, கெட்டியாக, உலோகத்தோடு ஒட்டிய படலம் இருந்தால் அது பழைய துரு, பெரும்பாலும் நின்றுபோனது. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த முறை ஒப்பிடுங்கள்.

அடியில் மட்டும் வட்டமாகச் செந்துரு என்றால், டேங்க் நின்றபடி இருந்தபோது நீர் தேங்கிய இடம் அது. அடிப்பகுதி பக்கச் சுவரைவிடத் தடிமனானது, அதனால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. என் டேங்கில் இருந்தது இதுதான்.

பக்கச் சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு என்றால், படுக்கவைத்த டேங்கில் நீர் கிடந்த தடம். இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். தடிமன் குறைந்த சுவரில், ஒரே கோட்டில், குழி குழியாக அரிப்பு சேர்ந்தால் சுவரின் பலமே அந்தக் கோட்டில் போய்விடும். நுனியை வளைத்த கம்பியால் தடவிப் பார்க்கும்போது நகம் சிக்குவது போல் சிக்கினால், உங்கள் தீர்ப்பை நிறுத்திவிட்டு அளவெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். குழியின் ஆழம், நீளம், பக்கத்துக் குழியோடு உள்ள தூரம் மூன்றையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

உள்ளே பெயின்ட் போல உரிகிறது

1960களிலும் 70களிலும் சில டேங்குகளின் உள்ளே எபாக்சி பூசி விற்றார்கள். துருவைத் தடுக்கும் என்று நினைத்தே செய்தார்கள். பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் நீர் அதன் அடியில் புகுந்து, உலராமல் அங்கேயே இருந்து தின்னும். மேலே பார்த்தால் பளபளப்பு. பூச்சு எங்காவது உப்பியிருந்தாலோ உரிந்திருந்தாலோ முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும். அது வீட்டு வேலை இல்லை. கரைப்பான் ஊற்றி எடுக்கிறேன் என்று இறங்கினால் அந்த ஆவி சுவாசிக்கும் டேங்குக்குள் தங்கிவிடும். வெளியே கொடுத்துச் செய்யும் செலவு டேங்கின் மதிப்பைத் தாண்டலாம். பாசத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் செய்யுங்கள், நானும் அப்படித்தான் செய்வேன்.

கழுத்து மரையில் துரு, ஓ-ரிங் அருகே கசிவு

மரையை நைலான் பிரஷால் சுத்தம் செய்து, ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மரையில் ஒரு பல் உதிர்ந்திருந்தாலும் டேங்கை நிறுத்துங்கள். வால்வையே மாற்றுவதாக இருந்தால் கவனம் தேவை: இந்த அமெரிக்க டேங்குகள் பெரும்பாலும் முக்கால் அங்குல நேர் மரை, இன்னும் பழையவை அரை அங்குலக் கூம்பு மரை. ஐரோப்பிய எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் சில சுற்று ஏறி, பிடித்தது போலவே இருக்கும். அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு குண்டு போல் பறக்கும். மரையின் முத்திரையைப் படிக்காமல் எந்த வால்வையும் மாட்டாதீர்கள்.

தேய்ப்பதும் உலர்த்துவதும்

வழி தெரிந்தது, அடைத்தாயிற்று, துரு உதிர்கிற வகைதான் என்றும் தெரிந்தது. இப்போது தேய்க்கலாம். பீங்கான் அல்லது அலுமினா கற்களைப் பாதி அளவுக்கு நிரப்பி, மூழ்கும் அளவு நீரும் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி, மூடி, மோட்டார் உருளைகளின் மேல் படுக்கவைத்து மெதுவாகச் சுற்றவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தித் திறந்து பாருங்கள். இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டால் துருவோடு நல்ல ஸ்டீலும் போகும். எனக்கு ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. கடைசியில் வடித்த நீர் காபி டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக, அடியில் செம்மண் படிந்தது போல் வந்தது.

வினிகர், அமிலம், துரு நீக்கி எதையும் ஊற்ற வேண்டாம். மடிப்பிலும் குழியிலும் தங்கிவிட்டால் வேலையை அது தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும். எண்ணெய் தடவி வைக்கும் யோசனையும் வேண்டாம். உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கக் கூடியது, நுரையீரலுக்கும் ஆகாது.

தேய்ப்பதைவிட உலர்த்துவதில்தான் வெற்றியும் தோல்வியும். புதிதாகத் தேய்த்த ஸ்டீல் நம் ஊர் ஈரத்தில் சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கும். நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டேன். குழாய் நீரில் பல முறை அலசி, காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை அலசினேன். டிடிஎஸ் பேனா மீண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் காய்ச்சி வடித்த நீரையே நாலு லிட்டர் கொதிக்கவைத்து ஊற்றி, தடித்த கையுறையோடு டேங்கை மெல்ல உருட்டினேன். 13 கிலோ ஸ்டீல் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு 70 டிகிரிக்கு மேல் போகும், வெறும் கை பட்டால் வெந்துவிடும். உடனே கவிழ்த்து வடித்துவிட்டு, கவிழ்த்த நிலையிலேயே ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயைக் கழுத்து வழியாக அடிவரை விட்டு, இன்னொரு டேங்கின் உலர்ந்த காற்றை மெல்லிய அழுத்தத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டேன். உலோகத்தின் சூடே நீரை ஆவியாக்கிவிடுகிறது, காற்று அதை வெளியே கொண்டுபோகிறது. அடுப்புத் தீயிலோ ஓவனிலோ டேங்கைக் காட்டவே கூடாது, சூடு மிஞ்சினால் ஸ்டீலுக்குக் கொடுத்த பதமே மாறிவிடலாம்.

மாமா வந்து விளக்கை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். சாம்பல் நிறச் சுவர், அடியில் மூன்று இடத்தில் மட்டும் மங்கலான புள்ளிகள். "சரி, மூடு" என்றார். புது ஓ-ரிங் போட்டு, வால்வை மாட்டி, அழுத்தச் சோதனைக்குக் கொண்டு போனேன். இந்த வகைக்குச் சோதனை அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல மூன்றில் ஐந்து பங்கு, 3750 பிஎஸ்ஐ. விரிந்த டேங்க் திரும்பச் சுருங்கும்போது நிரந்தரமாகத் தங்கும் விரிவு மொத்த விரிவில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தேறியது. சோதனையும் நீரில்தான் நடக்கிறது என்பதால், திரும்ப வாங்கிய அன்றே மறுபடி திறந்து உலர்த்தினேன்.

வீட்டில் வைப்பது

வீவக அடுக்குமாடி வீட்டில் பின்கட்டு வேண்டாம். மழைச் சாரலும் துணியின் ஈரமும் அங்கேதான். புகலிட அறையில், நிமிர்த்தி, விழாமல் சுவரோடு கட்டி, 10 முதல் 20 பார் காற்றோடு, வால்வை மூடி வைக்கிறேன். அழுத்தம் குறைவாக இருப்பதால் ஆக்சிஜனும் குறைவு, அரிப்பு மெதுவாகும். அதே சமயம் வெளி ஈரம் உள்ளே வராது. மேலே சொன்ன காரணத்தால் அந்த 20 பாரை யாரும் சுவாசிக்கக் கூடாது. வால்வு திறந்த காலி டேங்க் பகல் சூட்டில் மூச்சை விட்டு, இரவுக் குளிரில் ஈரக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், அப்படி வைக்காதீர்கள்.

அழுத்தச் சோதனை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. உள்ளே பார்ப்பதற்கு வருடம் ஒரு முறை என்பது பொது வழக்கம், பழைய ஸ்டீலுக்கு நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறேன். டேங்கின் தோளில் ஒட்டிய டேப்பில் நாலு விஷயம் எழுதுகிறேன்: காற்று அடித்த தேதி, இடம், ஆக்சிஜன் அளவு, கடைசியாகத் திறந்து பார்த்த தேதி. மாமாவின் டேங்கில் இப்போது "20.9" என்று இருக்கிறது. அடுத்த திறப்பு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், மார்ச்சில். அந்த மூன்று புள்ளிகளின் புகைப்படமும் போனில் இருக்கிறது.